நிற்கும் இடம் நம் கையில்

ஆரணியில் உழைப்பவர்களின் கண்கள் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே வேலை செய்கின்றன. குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்தவர் பாவில் அறுந்த இழையைத் தேடுகிறார். பட்டுக்கடையில் நிற்பவர் முந்தானையை விரிப்பதும் மடிப்பதுமாக இருக்கிறார். அரிசி ஆலைக் கணக்கருக்கும் வங்கி ஊழியருக்கும் கணினித் திரை. வீடு திரும்பினால் செல்போன். அதுவும் ஒரு கை தூரம்தான். பார்வை இப்படி அருகிலேயே கட்டுண்டு கிடக்கும்போது மனமும் அங்கேயே கட்டுண்டு போகிறது. முதலாளி சொன்ன ஒரு சொல், மேலாளரின் முகச்சுளிப்பு, குறை சொல்லித் திரும்பி வந்த ஒரு சேலை என்று எல்லாம் இரவு வரை உள்ளேயே சுற்றுகின்றன.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர நல்ல வழி ஒன்று உண்டு: இயற்கையைப் படம் எடுப்பது. இதை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக எண்ணாமல், வேலைக்கு உதவும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். பறவை எப்போது வரும், எந்தக் கிளையில் உட்காரும், எப்போது பறக்கும் என்பதில் நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. எங்கே நிற்பது, வெயில் எந்தப் பக்கம் இருப்பது, கேமரா தயாராக இருப்பது ஆகியவை நம் பொறுப்பு. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று ஏரிக்கரையில் உடம்பால் பழகியவருக்கு, வேலையிடத்திலும் அந்தத் தெளிவு வந்துவிடும். மனச்சமநிலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தத் தெளிவுதான்.

இது ஏன் வேலை செய்கிறது?

சன்னமான பட்டிழையை மணிக்கணக்கில் பார்ப்பதற்கு, வேறு எதையும் உள்ளே விடாமல் தடுக்கும் கவனம் தேவை. அந்தக் கவனம் களைத்துப்போகக் கூடியது. அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1989-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார்கள். வலிந்து செலுத்தும் கவனம் தீரும்போது எரிச்சல் வருகிறது, பிழை கூடுகிறது, சின்ன முடிவுக்கும் தடுமாறுகிறோம். மேகம், இலையின் அசைவு, தண்ணீரில் விழும் ஒளி ஆகியவை நம்மை வற்புறுத்தாமல் ஈர்க்கின்றன. அவற்றைப் பார்த்திருக்கும் நேரத்தில் களைத்த கவனம் மீள்கிறது என்பது அவர்கள் முடிவு.

எவ்வளவு நேரம் வேண்டும்? இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தரவைக் கொண்டு 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களிடையே, தாங்கள் நலமாகவும் நிறைவாகவும் இருப்பதாகச் சொன்னவர்கள் கூடுதலாக இருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும், பல நாளாகப் பிரித்துக்கொண்டாலும் வேறுபாடு இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வியை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. இருந்தாலும் வாரத்தில் இரண்டு மணி நேரம் யாராலும் கொடுக்கக்கூடிய அளவுதான்.

சும்மா நடந்தால் போதாதா, கேமரா எதற்கு என்று கேட்கலாம். நடப்பது நல்லதுதான். ஆனால் கவலையோடு நடப்பவர் கவலையையும் கூட்டிக்கொண்டு நடக்கிறார். கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் மனம் வெளியே வரும். இதற்கும் ஆய்வு உண்டு. 2014-ல் உளவியலாளர் லிண்டா ஹென்கல் ஓர் அருங்காட்சியகத்தில் சோதித்துப் பார்த்தார். பொருளை முழுதாக ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட நினைவு குறைந்திருந்தது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களிடம் அந்த இழப்பு இல்லை. ஆக, பலன் கவனிப்பில் இருக்கிறது. ஒரு மரத்தை மொத்தமாக எடுப்பதைவிட அதன் பட்டையில் ஊரும் எறும்பை எடுப்பது மனதுக்கு அதிகம் தரும்.

மா. கிருஷ்ணன் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் இறங்குபவர் முதலில் அறிய வேண்டிய பெயர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சட்டம் படித்தவர். இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் 1940-களில் ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகளில் இருந்தார். 1949-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகு சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்வது என்று முடிவு செய்தார். 1950-ல் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றித் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை எழுதினார். 46 ஆண்டுகள்! 1970-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. தமிழிலும் எழுதினார், சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கிடைத்தால் வாங்கிப் படியுங்கள்.

வேலை பார்ப்பவர்கள் அவரிடம் கற்க மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, அவர் கருவியைத் தேடி அலையவில்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துப் பொருத்திய கருவியில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். இருப்பதை முழுதாகப் பழகிக்கொள்வது அவர் வழி. இரண்டாவது, யானையையும் காட்டெருமையையும் எடுத்த அதே மனிதர் காகம், அணில், பல்லி, ஆடு பற்றியும் அதே மதிப்போடு எழுதினார். அருகில் இருப்பது அற்பம் என்று அவர் நினைக்கவில்லை. மூன்றாவது, தவணை தவறாத உழைப்பு. மனம் சரியில்லாத நாளும் பத்தி போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒழுங்கு இருந்தால் உற்சாகம் பின்னால் வரும் என்பதற்கு அந்த 46 ஆண்டுகளே சான்று.

களத்தில் கற்று, வேலையில் பயன்படுத்த நான்கு பழக்கங்கள்

*1. காற்றும் வெயிலும் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.* பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால், எழும்பும் பறவை உங்கள் பக்கம் முகம் காட்டும். வெயிலும் முதுகில் இருந்தால் அதன் கண்ணில் ஒளி விழும். இவ்வளவும் செய்து காத்திருந்தும் பறவை வேறு பக்கம் போகலாம். அதற்கு வருந்த வேண்டியதில்லை. உங்கள் பங்கை முடித்துவிட்டீர்கள்.

வேலையில் இதை இப்படிப் பயன்படுத்துங்கள். மனதை அரிக்கும் ஒரு விஷயத்தை எடுத்து, ஒரு தாளில் நடுக்கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் கையில் உள்ளவை, வலப்பக்கம் இல்லாதவை. பட்டு நூல் விலை, தங்க விலையை ஒட்டி ஏறும் சரிகை விலை, வாடிக்கையாளரின் ரசனை, மேலாளரின் கோபம் எல்லாம் வலப்பக்கம். சேலையின் தரம், சொன்ன தேதி, பேசும் முறை, அடுத்த வேலைக்கான தேடல் எல்லாம் இடப்பக்கம். அன்றைய உழைப்பு இடப்பக்கத்துக்கு மட்டும்.

*2. எடுத்தவுடன் திரையைப் பார்க்காதீர்கள்.* ஒவ்வொரு படத்தையும் எடுத்தவுடன் சரியாக வந்ததா என்று குனிந்து பார்ப்பது புதியவர்களின் வழக்கம். பறவை எழும்புவது அந்த நொடியில்தான். பறக்கும் முன் அது பல குறிப்புகள் தரும்: உடலைத் தாழ்த்தும், இறகைச் சிலுப்பும், எச்சமிடும். கண் அங்கே இருந்தால்தான் தெரியும். வெளிச்ச அளவை முதல் படத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மீதியை வீட்டில் பாருங்கள்.

அலுவலகத்தில் ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டுப் பதில் வந்ததா என்று பத்து முறை பார்ப்பதும், வாட்ஸ்அப்பில் சேலைப் படம் போட்டுவிட்டு யார் பார்த்தார்கள் என்று எண்ணுவதும் இதே வழக்கம்தான். பதில் பார்ப்பதற்கு நாளில் இரண்டு மூன்று நேரங்களை ஒதுக்குங்கள். இடையில் கண் அடுத்த வேலையில் இருக்கட்டும்.

*3. பாதி முடிந்ததையே காட்டுங்கள்.* ஆரணியைச் சுற்றியுள்ள நெல்வயல் வரப்புகளில் நிற்கும் பனைகளையும் கிணற்றோர முள்மரங்களையும் பாருங்கள். மழைக்காலத்தை ஒட்டி அவற்றில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். கூட்டை நெய்வது ஆண். நெல் தாளையும் பனையோலையையும் நீள நீளமாகக் கிழித்து வந்து அலகால் பின்னும். முழுக்கூட்டுக்கு ஏறக்குறைய 18 நாள் பிடிக்கும். 500 நடை வரை பறக்கும். ஆனால் அது முழுதாகக் கட்டி முடித்துவிட்டுப் பெட்டையை அழைப்பதில்லை. எட்டு நாள் வாக்கில், கூடு தலைக்கவச வடிவத்தில் இருக்கும்போதே சிறகை அடித்து அழைக்கும். பெட்டை வந்து பார்க்கும். பிடித்தால்தான் ஆண் மீதியை நெய்து, நீண்ட குழல் வாசலையும் இறக்கும். பிடிக்காத கூடு பாதியில் நின்றுவிடும். ஆண் வேறு கூட்டைத் தொடங்கும்.

ஒரே மரத்தில் முழுக்கூடுகளுக்கு நடுவே பாதிக் கூடுகள் தொங்குவதைப் படம் எடுத்த பிறகு, நிராகரிப்பைப் பற்றிய நம் எண்ணமே மாறும். புதிய புட்டாவை ஒரு சாண் நெய்து காட்டிவிட்டுப் பாவை முழுதாக ஓட்டுங்கள். அறிக்கையின் முதல் இரண்டு பக்கத்தை மேலாளரிடம் காட்டிவிட்டு மீதியை எழுதுங்கள். பாதியில் வரும் ‘வேண்டாம்’ எட்டு நாள் இழப்பு; முடித்த பின் வருவது பதினெட்டு நாள் இழப்பு.

*4. கழிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.* ஒரு காலையில் எடுத்த நூறு படங்களில் வைத்துக்கொள்ளத் தக்கவை ஒன்றிரண்டு இருந்தாலே அது நல்ல காலை. கைதேர்ந்தவர்களுக்கும் கணக்கு அதுதான். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஐந்து படங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது ஏன் நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள். மற்றவற்றை வருத்தமின்றி நீக்குங்கள்.

இதே கையால் மாதக் கடைசியில் உங்கள் வேலையையும் பாருங்கள். எந்த ஐந்து காரியங்கள் நின்றன? எவற்றில் நேரம் வீணானது? தன்னைத் திட்டிக்கொள்ளாமல் தன் வேலையைச் சீர்தூக்குவது அரிய திறமை. அதைப் படங்களில் பழகுவது எளிது, ஏனெனில் மங்கிப்போன படம் நம் குணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இந்த வாரமே தொடங்க

கையில் உள்ள செல்போன் போதும். அதில் தொலைவில் உள்ள பறவையை எடுக்க முயல வேண்டாம். திரையை விரித்துப் பெரிதாக்கினால் படம் உடையும். பூ, பூச்சி, சிலந்தி வலை, பனித்துளி, மேகம், நீரில் விழும் நிழல் ஆகியவை செல்போனுக்கு ஏற்றவை. எடுக்க வேண்டிய இடத்தைத் திரையில் தொடுங்கள். வெளிச்சக் குறியை விரலால் சற்றுக் கீழே இழுங்கள். வெள்ளைக் கொக்கும் வெளிறிய பூவும் வெளுத்துப் போகாமல் வரும். பூச்சியின் கண் உயரத்துக்கு உட்காருங்கள். இந்த ஒரு மாற்றமே பாதிப் படங்களைத் தேற்றிவிடும்.

பறவையில் ஆசை நிலைத்துவிட்டால் பிறகு கேமரா வாங்கலாம். நீண்ட லென்ஸுள்ள பழைய கேமராவே தொடக்கத்துக்குப் போதும்; கடன் வாங்கி வாங்க வேண்டாம். மனப்பாரத்தை இறக்கப் போய் மாதத் தவணையை ஏற்றிக்கொள்வது பயனற்றது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்; உட்கார்ந்த பறவைக்கு 1/250 போதும். குவியம் எப்போதும் கண்ணில்.

ஒரு வாரத்துக்கான திட்டம் இது:

- தினம் பத்து நிமிடம்: வேலைக்கு முன்போ பின்போ வீட்டு வாசல், மொட்டைமாடி, தெருமுனை மரம். ஒரே ஒரு பொருள், மூன்று கோணம்.
- வேலையின் நடுவே: 20 நிமிடத்துக்கு ஒரு முறை தலையை உயர்த்தி, 20 அடிக்கு அப்பால் உள்ளதை 20 நொடி பாருங்கள். தறிக்காரருக்கும் கணினிக்காரருக்கும் கண் மருத்துவர்கள் சொல்லும் இந்த அறிவுரை பொருந்தும்.
- ஞாயிறு: சூரியன் எழும் நேரத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏரிக்கரை. அந்த நேரம் செல்போனின் இணைய இணைப்பு அணைந்திருக்கட்டும். படத்தை அன்றே எங்கும் பகிர வேண்டாம்.

ஆரணியைச் சுற்றி எங்கே, எப்போது?

ஆரணிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: தறியின் ஓய்வுக்காலமும் பறவைகளின் காலமும் ஒத்துப்போகின்றன. மழை நாட்களில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை மந்தமாகும். அதே வடகிழக்குப் பருவமழையில்தான் ஏரிகள் நிறைந்து நீர்ப்பறவைகள் சேர்கின்றன. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. கடையிலும் கூட்டம் குறைவு. அதே மார்கழியில் வடக்கேயிருந்து வரும் வலசைப் பறவைகள் ஏரிகளில் நிறைந்திருக்கும். வருமானம் குறைந்த மாதம் என்று மனம் சோரும் நேரத்தில் கரைக்குப் போக ஒரு காரணம் கிடைக்கிறது.

வயல்வெளியில் தொடங்குங்கள். மின்கம்பியில் பனங்காடையும் கரிச்சானும் பச்சைப் பஞ்சுருட்டானும் உட்காரும். மூன்றும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து அமர்பவை. காத்திருக்கப் பழக இவையே நல்ல ஆசான்கள். உழும் வயலில் உண்ணிக்கொக்கும் மடையானும் கிடைக்கும். ஆட்காட்டி உங்களை முதலில் பார்த்துவிடும். அது கத்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

அடுத்து, ஜவ்வாது மலைப்பக்கமிருந்து வரும் கமண்டல நாகநதியைத் தொடருங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. அதை ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு முறை எடுத்துவாருங்கள். வறண்ட ஆறும் வெள்ளம் வந்த ஆறும் அடுத்தடுத்த படங்களாக வரும்போது, தொழிலில் மந்தமான மாதங்களைப் பார்க்கும் பார்வையும் மாறும். படவேடு அருகே செண்பகத்தோப்பு அணைப் பக்கம் மலையும் நீரும் சேர்ந்து கிடைக்கும். மலைமேல் ஏற நாள் இருந்தால் ஜமுனாமரத்தூர். இரவு வானம் எடுக்க விரும்புவோருக்கு ஜவ்வாது மலையின் இருள் ஒரு செல்வம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு அந்தத் தெளிந்த வானமும் ஒரு காரணம்.

ஆண்டுக்கு ஒரு முறை குடும்பத்தோடு வேடந்தாங்கல் போய்வாருங்கள். ஆரணியிலிருந்து வந்தவாசி வழியாகப் பாதை. நவம்பர் முதல் மார்ச் வரை கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் ஒரே ஏரியில். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று அறிந்த அந்த ஊர் மக்கள், வேட்டையாடிய வெள்ளைக்கார சிப்பாய்களுக்கு எதிராக முறையிட்டு, 1798-ஐ ஒட்டி கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கான ஒப்புதல் பெற்றார்கள். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. தொழில் நலனும் உயிர் நலனும் ஒன்றாகவே வாழ முடியும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

தொழிலுக்கு நேரடிப் பயன்

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அதன் விற்பனை இன்று கணிசமாகச் செல்போன் படங்கள் வழியே நடக்கிறது. “படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்த நிறம் வேறு” என்பது அடிக்கடி கேட்கும் புகார். மயிலைப் படம் எடுக்கப் பழகியவருக்கு இதன் தீர்வு தெரியும்.

மயிலின் கழுத்து நீலம் சாயத்தால் ஆனதல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. அதனால் கோணம் மாறினால் நிறம் மாறும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த சேலையில் காரணம் வேறு: மடிப்பின் கோணத்துக்கு ஏற்ப இரண்டில் ஒரு நிறம் மேலோங்கும். எடுக்கும் முறை ஒன்றுதான். பக்கவாட்டு வெளிச்சத்தில், இரண்டு மூன்று கோணங்களில் எடுக்க வேண்டும். குழல்விளக்கையும் சன்னல் வெளிச்சத்தையும் கலக்காதீர்கள். நேர்வெயில் படாத சன்னலோரத்தில், அருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துப் பாருங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் நம்பத்தக்கதாக இருக்கும். மடித்த கோலத்தில் ஒன்று, விரித்த முந்தானை ஒன்று, சரிகையின் நெருக்கப்படம் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் வாங்குபவரின் சந்தேகம் பெருமளவு குறையும்.

வடிவமைப்பிலும் பயன் உண்டு. அன்னம், மயில், மாங்காய், கொடி என்று பட்டின் புட்டாக்களும் கரைகளும் இயற்கையிலிருந்து வந்தவைதான். நீங்கள் எடுத்த ஒரு பனங்காடையின் சிறகு நீலமும் உடல் பழுப்பும் ஒரு சேலைக்கான நிறச்சேர்க்கை. நெல் கதிரின் வளைவு ஒரு கரை. படத்தை வடிவமைப்பாளரிடம் காட்டி, கட்டத்தாளில் ஏற்றிப் பாருங்கள். கணினியில் பார்த்துப் பார்த்துப் பழகிய வடிவங்களுக்கு நடுவே, நம் ஊர் வயலில் பிறந்த வடிவம் தனித்து நிற்கும்.

வேலையை விட்டுவிடலாமா?

படங்களுக்குப் பாராட்டு வரத் தொடங்கியதும் இந்த எண்ணம் வரும். அவசரப்பட வேண்டாம். ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கோன்சால்வெஸ், முதுமலை தெப்பக்காட்டு முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதியும் யானைக்குட்டி ரகுவும் வாழ்ந்த வாழ்வை ஆவணப்படமாக்கி 2023-ல் ஆஸ்கர் வென்றார். அந்த ஒரு கதைக்கு அவர் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கொடுத்தார். காட்டுயிர்ப் படங்களை மட்டும் விற்று வீட்டை நடத்துபவர்கள் மிகச் சிலரே. திருமணப் படம், விற்பனைப் படம், பயிற்சி வகுப்பு என்று வேறு வருமானம் சேர்த்துத்தான் பலர் நிற்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மனதை ஆற்றும் ஒன்றை வருமானத்துக்காகச் செய்யத் தொடங்கினால், அதற்கும் தேதியும் வாடிக்கையாளரும் வந்துவிடுவார்கள். தொழிலாக்க விரும்பினால் சேலை, நகை, உணவு என்று பொருள்களைப் படம் எடுத்துக் கொடுங்கள். ஏரிக்கரைக் காலையை விலைக்கு விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் பறவையை நெருங்கக் கூடாது. தாய்ப்பறவை விலகிய சில நிமிடத்தில் காகம் வந்துவிடும். பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. பறவையின் குரலைப் பதிவில் ஒலித்து வரவழைக்காதீர்கள். அது தன் எல்லையைக் காக்க வீணாக அலைக்கழியும். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிவது கொடுமை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டல்ல. அரிய உயிரினத்தின் இருப்பிடத்தைப் பொதுவில் அறிவிக்காதீர்கள். வயலில் இறங்கும்போது உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படத்தைவிட உயிர் பெரிது என்று பழகியவர், இலக்கைவிட உடன் வேலை செய்பவர் பெரிது என்பதையும் மறக்கமாட்டார்.

கேமரா போதாதபோது

தூக்கம் கெட்டு, பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதற்குத் தேவை மருத்துவம். கடன் நெருக்கடியும் வேலை இழப்பும் நடைப்பயிற்சியால் தீர்வதில்லை. மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. உடன் வேலை செய்பவர் ஒதுங்கிப்போவதைக் கண்டால், “நாளைக் காலை ஏரிப் பக்கம் வர்றீங்களாண்ணே?” என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று ஒரே திசையில் பார்க்கும்போது, நேருக்கு நேர் சொல்ல முடியாததையும் மனிதர்கள் சொல்லிவிடுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். தேவையென்றால் அந்த எண்ணையும் கொடுங்கள்.

பொங்கலை இலக்காக வையுங்கள்

எந்தப் பழக்கமும் நிலைக்க ஒரு தேதி வேண்டும். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். உங்கள் தெருவிலோ ஏரிக்கரையிலோ 15 நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் ‘ஈபேர்ட்’ செயலியில் பதிந்தால் நீங்களும் அதில் ஒருவர். பெயர் தெரியாத பறவையின் படம் இருந்தால் பின்னர் அடையாளம் காண உதவும். கடை நண்பர்கள் இருவர், தறிக்கூடத்தில் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்தால் ஒரு குழு ஆகிவிடும். முதலாளிகளும் சங்க நிர்வாகிகளும் அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வேலை தொடங்க அனுமதித்தால், அந்த நேரத்துக்கு மேலான உழைப்பு திரும்பி வரும்.

இப்படிப் பதியும்போது உங்கள் காலைநேரம் உங்களுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. ஆரணி ஏரிகளில் எந்தப் பறவை வருகிறது, எது குறைகிறது என்பதற்கு நாளை ஒருவர் சான்று தேடினால் அதில் உங்கள் பெயரும் இருக்கும். தன்னையே நினைத்துக் களைத்த மனதுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை: தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குத் தன் கண் தேவைப்படுகிறது என்று அறிவது. இந்த ஞாயிறு தொடங்குங்கள். பொங்கலுக்குள், கூப்பிட்ட நேரத்தில் வராத பறவைக்காகப் பொறுமையாக நிற்கத் தெரிந்த ஒருவர் உங்கள் வேலையிடத்திலும் இருப்பார். அவருடைய அமைதி உடனிருப்பவர்களுக்கும் உதவும்.